எக்ஸ்பொசிஷன் என்றால் விளக்கமா, கண்காட்சியா, கதையின் தொடக்கமா?

நீங்கள் நான்கு இடங்களில் இந்தச் சொல்லைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். ஓசாகாவில் 2025இல் நடந்த எக்ஸ்போ; அது எக்ஸ்பொசிஷன் என்பதன் சுருக்கம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பட விமர்சனம், "முதல் பாதி முழுக்க எக்ஸ்பொசிஷன்" என்று குறைபட்டது. மகளின் ஆங்கிலப் பாடத்தில் எக்ஸ்பொசிட்டரி கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். மேற்கத்திய இசை பற்றிய ஒரு காணொளியில் "எக்ஸ்பொசிஷன் முடிந்தது, இனி டெவலப்மென்ட்" என்றார்கள். நான்கும் ஒரே சொல்தானா, தமிழில் இதற்கு ஒரே சொல்லாக என்ன போடலாம், நாமும் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அகராதி உங்களிடமே இருக்கிறது, பொருள்களைப் பார்த்தும்விட்டீர்கள். ஆகவே உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது, ஒரு வாக்கியத்தில் இந்தச் சொல் எதிர்ப்பட்டால் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் மொழிபெயர்த்ததைத் திருத்துவதுமாகப் பிழைப்பு ஓடுகிறது. இந்தச் சொல்லிடம் ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் இசை நிகழ்ச்சிக்கான கையேட்டை மொழிபெயர்த்தேன். அதில் "எக்ஸ்பொசிஷன் திரும்ப வாசிக்கப்படும்" என்று இருந்த வரியை, "விளக்கவுரை மீண்டும் வாசிக்கப்படும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சாகியும் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "எல்லாம் சரி தம்பி, அந்த விளக்கவுரையை யாரு வாசிச்சாங்க? எனக்குக் காதுல விழலையே" என்றார். கிண்டல் செய்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லைக் கண்டால் கொஞ்சம் நிதானிப்பேன்.

வேரிலிருந்து தொடங்கலாம். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை. லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'பொனெரெ' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்த 'எக்ஸ்பொனெரெ' என்பதற்கு வெளியே எடுத்து வைத்தல் என்று பொருள். அதிலிருந்து 'எக்ஸ்பொசிசியோ' என்ற பெயர்ச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டிக்குள் இருப்பதை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி திண்ணையில் பரப்பி வைக்கிறோமே, அந்தச் செயலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலின் பொருளைப் பரப்பி வைத்தால் விளக்கம். இயந்திரங்களைப் பரப்பி வைத்தால் பொருட்காட்சி. கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதைப் பரப்பி வைத்தால் அது கதையின் எக்ஸ்பொசிஷன். இசையின் கருப்பொருள்களைப் பரப்பி வைத்தால் இசையின் எக்ஸ்பொசிஷன். எங்கே போனாலும் உள்ளே இருந்தது வெளியே வருகிறது. எது வருகிறது, யார் முன்னால் வருகிறது என்பதுதான் மாறுகிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு, ஆம், நான்கும் ஒரே சொல்தான்.

ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கு முதன்மையாக இருந்தது விளக்கம் என்ற பொருள். அதிலும் குறிப்பாக வேதநூலுக்கு உரை சொல்வது. இடைக்காலத்தில் லத்தீனில் பைபிள் உரை எழுதியவர்கள் தங்கள் நூல்களுக்கு எக்ஸ்பொசிசியோ என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் கிறிஸ்தவ வட்டத்தில் எக்ஸ்பொசிட்டரி பிரசங்கம் என்று ஒன்று உண்டு. ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு அதற்கு ஏற்ற வசனங்களை அங்கங்கே பொறுக்கிப் பேசாமல், ஒரு வேதப்பகுதியை எடுத்து வசனம் வசனமாகப் பொருள் சொல்லிப் போவது. நம்மிடம் இதற்கு 'உரை' என்ற அருமையான சொல் இருக்கிறது. உரை மரபில் நாம் ஆங்கிலத்தைவிட நுணுக்கமாகப் பிரித்தும் வைத்திருக்கிறோம். சொல்லுக்குச் சொல் பொருள் தந்தால் பதவுரை, திரண்ட கருத்தைத் தந்தால் பொழிப்புரை. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்ற ஐந்தோடு சுருக்கமாக முடிந்தால் காண்டிகையுரை என்கிறது நன்னூல். அந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு, மேலும் வேண்டியதையெல்லாம் சேர்த்து ஐயமறச் சொன்னால் விருத்தியுரை. ஆங்கிலக்காரர் 'டீடெயில்ட் எக்ஸ்பொசிஷன்' என்று எழுதும் இடத்தில் எனக்கு விருத்தியுரை என்று போடக் கை துறுதுறுக்கும். பொது வாசகருக்கு அது புரியாது என்பதால் 'விரிவான விளக்கம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சரி, விளக்கம் என்றால் 'எக்ஸ்பிளனேஷன்' போதாதா என்று கேட்கலாம். இரண்டும் ஒன்றல்ல. பேருந்து ஏன் தாமதம் என்று கேட்டால் கிடைப்பது எக்ஸ்பிளனேஷன். அதை எக்ஸ்பொசிஷன் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கோட்பாட்டை, ஒரு நூலை, ஒரு கொள்கையை முழுதாக, ஒழுங்குபட, அடுக்கடுக்காக எடுத்துவைத்தால்தான் அது எக்ஸ்பொசிஷன். முன்னது கேட்டவரின் ஐயத்தைத் தீர்த்ததும் முடிந்துவிடும். பின்னது பொருள் முழுதும் வெளியே வந்தால்தான் முடியும். இதனால்தான் இந்தச் சொல்லுக்கு முன்னால் 'தெளிவான', 'விரிவான', 'முறையான' போன்ற அடைமொழிகள் அடிக்கடி வந்து உட்காருகின்றன. கணிதத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படும்படி இருக்கிறது. புதிதாக ஒரு தேற்றத்தை நிறுவும் கட்டுரை வேறு, ஏற்கெனவே நிறுவியதைப் பிறருக்குப் புரியும்படி எழுதும் எக்ஸ்பொசிட்டரி கட்டுரை வேறு. இரண்டாவதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கணிதச் சங்கம் ஸ்டீல் பரிசுகளில் ஒன்றைக் கணித எக்ஸ்பொசிஷனுக்கென்றே வைத்திருக்கிறது. 1925 முதல் ஷோவனே பரிசு என்று இன்னொன்றும் இதே திறமைக்காக வழங்கப்படுகிறது. கண்டுபிடித்தவரைவிட அதைப் புரியவைத்தவரால் அதிகம் பேர் பயனடைந்த கதை எல்லாத் துறையிலும் உண்டே.

உங்கள் மகளின் பாடத்தில் இருப்பதும் இந்த வகைதான். பள்ளியில் கட்டுரைகளை வருணனை, கதை சொல்லல், எக்ஸ்பொசிஷன், வாதம் என்று நான்காகப் பிரிப்பார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பாடநூல்கள் பரப்பிவிட்ட பிரிவு இது. மழைநீர் எப்படி நிலத்தடிக்குப் போகிறது என்று எழுதினால் எக்ஸ்பொசிட்டரி. மழைநீரைச் சேமித்தே ஆக வேண்டும் என்று எழுதினால் வாதம். தேர்வுக்கு இந்த அளவு போதும். ஆனால் நிஜத்தில் எழுதும்போது இந்தக் கோடு அழிந்து அழிந்து போகும். எதை முதலில் சொல்கிறோம், எதை விடுகிறோம் என்பதிலேயே பாதி வாதம் வந்துவிடுகிறது. மகளிடம் சொல்லுங்கள்: "நான் நினைக்கிறேன்", "நாம் செய்ய வேண்டும்" என்ற தொனி தலைகாட்டினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்க வாய்ப்பு உண்டு.

சட்டத்தில் இது ஒரு லத்தீன் தொடராகவே உலவுகிறது: 'கண்டெம்பரேனியா எக்ஸ்பொசிசியோ'. ஒரு சட்டம் இயற்றப்பட்ட காலத்தை ஒட்டி வாழ்ந்தவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்களோ அந்தப் பொருளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்ற விதி. பழைய சட்டங்களுக்குத்தான் இது பொருந்தும், அண்மைக் காலத்துச் சட்டங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. தீர்ப்புகளில் வந்தால் 'பொருள்கோள்' என்று போடுவேன். அது போதும்.

இனி கதைக்கு வருவோம். உங்களுக்கு அதிகம் குழப்பம் தந்திருப்பது இதுதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே சொல் இரண்டு விதமாகப் புழங்குகிறது. ஜெர்மன் எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ரைட்டாக் 1863இல் நாடக அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாடகம் ஐந்து பகுதிகளாக ஏறி இறங்குகிறது என்று ஒரு முக்கோணம் வரைந்து காட்டினார். முதல் பகுதிக்கு அவர் ஜெர்மனில் வைத்தது அறிமுகம் என்று பொருள்படும் சொல். ஆங்கிலப் பாடநூல்கள் அந்த இடத்தில் எக்ஸ்பொசிஷன் என்று போட்டு அதுவே நிலைத்துவிட்டது. யார், எங்கே, எப்போது, என்ன நிலைமை என்பதைப் பார்வையாளருக்குத் தெரிவிக்கும் தொடக்கப் பகுதி. இப்படிப் பிரிப்பது நமக்கும் புதிதில்லை. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உழுத மண்ணில் இட்ட வித்து முளைப்பதில் தொடங்கி அறுத்து உண்பது வரைக்குமான படிகள். முகம் என்பதை எக்ஸ்பொசிஷனுக்கு நேராக வைக்கலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிட்டத்தட்டப் பொருந்துகிறது, முழுதாக இல்லை. முகத்தில் வித்து விழுந்தாக வேண்டும். எக்ஸ்பொசிஷனில் நிலம் தெரிந்தாலே போதும், வித்து அடுத்த பகுதியில்கூட விழலாம்.

இது ஒரு புழக்கம். விமர்சகர்கள் சொல்லும் எக்ஸ்பொசிஷன் வேறு. அங்கே அது கதையின் பகுதி அல்ல, கதைக்குள் ஏற்றப்படும் சரக்கு. பார்வையாளருக்குத் தெரிந்தாக வேண்டிய பின்னணித் தகவல் எந்தக் காட்சியில் வந்தாலும், கடைசி நிமிடத்தில் வில்லன் தன் திட்டத்தைச் சொல்லும்போது வந்தாலும், அதுவும் எக்ஸ்பொசிஷன்தான். "முதல் பாதி முழுக்க எக்ஸ்பொசிஷன்" என்றால், கதை நகராமல் தகவலாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். சொல்லில் நிந்தை எதுவும் இல்லை. அளவு மிஞ்சியதுதான் குறை. ஆனால் திரைப்பட வட்டாரத்தில் இதைத் திட்டுவதற்கே அதிகம் பயன்படுத்துவதால், சொல்லே ஒரு வசவு போலக் காதில் விழுகிறது.

ஒரு சின்ன காட்சியை வைத்துக் காட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து அண்ணன் திரும்பி வருகிறான், தங்கை கதவைத் திறக்கிறாள். "வா அண்ணா! நீ போய் ஒன்பது வருஷம் ஆச்சு. உனக்குத்தான் தெரியுமே, போன வருஷம் அப்பா இறந்தப்போகூட நீ வரலை. அதுக்கப்புறம் நான்தான் அம்மாவைப் பார்த்துக்கிட்டு இந்த வீட்டிலேயே இருக்கேன்." எல்லாத் தகவலும் வந்துவிட்டது. ஆனால் எந்தத் தங்கையும் அண்ணனிடம் இப்படிப் பேச மாட்டாள். அவனுக்குத் தெரிந்ததை அவனிடமே ஒப்பிக்கிறாள். உண்மையில் அவள் பேசுவது நம்மிடம். ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் இந்த வியாதிக்கு 'ஆஸ் யூ நோ, பாப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "உனக்கே தெரியும் பாப்" என்று தொடங்கி, பாப்புக்கு ஏற்கெனவே தெரிந்த அத்தனையையும் சொல்வது.

அதே காட்சியை வேறு மாதிரி எழுதுவோம். தங்கை கதவைத் திறக்கிறாள். ஒன்றும் பேசவில்லை. அவன் செருப்போடு உள்ளே காலை வைக்கிறான். "கழட்டிட்டு வா" என்கிறாள். "அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரே" என்று சிரிக்கிறான். "அவர் சொல்ல மாட்டார்தான். அம்மா தூங்கறாங்க, மெதுவா பேசு." அவன் சிரிப்பு நின்றுபோகிறது. சுவரில் மாலை போட்ட படத்தை அப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறான். எத்தனை வருடம் என்று யாரும் சொல்லவில்லை, யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நிலம் தெரிந்துவிட்டது, மனத்தாங்கலும் தெரிந்துவிட்டது. இதுவும் எக்ஸ்பொசிஷன்தான், நாம் அப்படி உணர்வதில்லை, அவ்வளவே. எக்ஸ்பொசிஷனே கூடாது என்று சிலர் எழுதப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது இல்லாத கதை கிடையாது. கதைசொல்லி நேராக முன்வந்து "ஒரு ஊரில் ஒரு ராஜா, அவனுக்கு மூன்று மகள்கள்" என்று சொல்வதும் எக்ஸ்பொசிஷன்தான், அதில் யாருக்கும் அலுப்புத் தட்டியதில்லை. ஒரு கதையில் இது எந்த வரியோடு முடிகிறது என்று மட்டும் கேட்காதீர்கள். பாடநூலில் கோடு போட்டிருப்பார்கள். பத்துப் பேரிடம் ஒரே கதையைக் கொடுத்தால் பத்து இடத்தில் கோடு போடுவார்கள்.

இசையில் அந்தச் சிக்கல் குறைவு. அங்கே எக்ஸ்பொசிஷன் முடியும் இடத்தைப் பெரும்பாலும் விரலை வைத்துக் காட்டலாம். நான் வாத்தியம் வாசிப்பவன் இல்லை, கேட்டும் கேட்டறிந்தும் சொல்கிறேன். சொனாட்டா வடிவம் என்பது மூன்று கட்டம். எக்ஸ்பொசிஷனில் கருப்பொருள்களை அறிமுகம் செய்வார்கள். டெவலப்மென்டில் அவற்றைப் பிய்த்து, புரட்டி, வெவ்வேறு சுருதிகளில் அலைய விடுவார்கள். ரீகேபிட்டுலேஷனில் அவை வீடு திரும்பும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியைப் போட்டுக் கேளுங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த மூன்று குட்டைத் தட்டும் ஒரு நீண்ட தட்டும் சி மைனர் என்ற சுருதியில் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் ஹார்ன் வாத்தியம் தனியாக ஒரு குரல் கொடுக்கும். உடனே இ ஃபிளாட் மேஜரில் வேறொரு மென்மையான மெட்டு வயலின்களில் வரும். இந்த இரண்டும், இவற்றை இணைக்கும் பாலமும், முடிப்பும் சேர்ந்ததுதான் எக்ஸ்பொசிஷன். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். பிறகு சின்ன இடைவெளி விட்டு அத்தனையும் முதலிலிருந்து அப்படியே திரும்ப வரும். நான் விளக்கவுரை என்று எழுதிக் கெடுத்தது இந்தத் திரும்பலைத்தான். திரும்ப வாசிப்பது எல்லா இடத்திலும் கட்டாயம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே பீத்தோவன் ஒன்பதாம் சிம்பொனியின் முதல் பகுதியில் அந்தத் திரும்பலை வைக்கவில்லை.

ஃபியூக் என்ற வடிவத்தில் எக்ஸ்பொசிஷன் இன்னொரு மாதிரி. ஒவ்வொரு குரலாக வந்து ஒரே பல்லவி போன்ற கருப்பொருளைச் சொல்லி முடிக்கும்வரை உள்ள பகுதி அது. கான்செர்டோவில் இரட்டை எக்ஸ்பொசிஷன் என்று ஒன்று உண்டு. முதலில் வாத்தியக் குழு, பிறகு தனி வாத்தியக்காரர். இவை எல்லாவற்றிலும் சொல் ஒரு பகுதியைக் குறிக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆனால் கர்நாடக சங்கீத விமர்சனங்களை ஆங்கிலத்தில் படித்தால் 'தோடி ராகத்தின் எக்ஸ்பொசிஷன் அபாரம்' என்ற ரீதியில் எழுதியிருப்பார்கள். அங்கே சொனாட்டாவின் எக்ஸ்பொசிஷனைத் தேடக் கூடாது. பாடகர் ராகத்தை விரித்துக் காட்டிய செயலைத்தான் சொல்கிறார்கள், அதாவது ஆலாபனை, ராக விஸ்தாரம். ஒரே இசைப் பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விமர்சனங்கள், இரண்டு எக்ஸ்பொசிஷன்கள், இரண்டு பொருள். மொழிபெயர்ப்பாளரைத் தடுக்கி விழ வைக்க இதைவிட நல்ல குழி கிடையாது.

பொருட்காட்சி என்ற பொருளை ஆங்கிலத்துக்குள் தள்ளிவிட்டது பிரெஞ்சு. 1851இல் லண்டனில் பளிங்கு மாளிகை போலக் கண்ணாடியும் இரும்புமாகக் கட்டி நடத்திய உலகக் கண்காட்சிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'கிரேட் எக்ஸிபிஷன்'. பதிலுக்குப் பாரிஸ் 1855இல் தன்னுடையதை நடத்தியபோது பெயர் 'எக்ஸ்பொசிஷன் யூனிவெர்செல்'. ஈஃபில் கோபுரம் 1889இல் அப்படி ஓர் எக்ஸ்பொசிஷனுக்காகத்தான் எழுந்தது. அமெரிக்கர்கள் 1876இல் பிலடெல்பியாவில் நடத்தியபோது ஆங்கிலேயர் வழியில் எக்ஸிபிஷன் என்றார்கள். 1893இல் சிகாகோவில் நடத்தியபோது பிரெஞ்சுக்காரர் வழிக்குப் போய் 'வேர்ல்ட்ஸ் கொலம்பியன் எக்ஸ்பொசிஷன்' என்றார்கள். கொலம்பஸ் வந்து 400 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட ஏற்பாடு செய்தது, ஒரு வருடம் தள்ளிப்போய் நடந்தது. ஃபெர்ரிஸ் என்ற பொறியாளர் அமைத்த ராட்சச ராட்டினம் அங்கேதான் முதலில் சுற்றியது. விவேகானந்தரின் சிகாகோ சொற்பொழிவு என்று நாம் படித்திருக்கிறோமே, அந்தச் சர்வமத மாநாடும் இந்த எக்ஸ்பொசிஷனை ஒட்டி நடந்ததுதான். அப்புறம் 1904இல் செயின்ட் லூயிஸ், 1915இல் சான் பிரான்சிஸ்கோ என்று அமெரிக்காவில் இந்தப் பெயர் ஊன்றிவிட்டது. பொதுவாக பிரிட்டிஷார் எக்ஸிபிஷன் என்பார்கள், அமெரிக்கர் எக்ஸ்பொசிஷன் அல்லது ஃபேர் என்பார்கள் என்று சொல்லலாம். இதைக் கறாரான விதியாகக் கொள்ளாதீர்கள். 1939இல் நியூயார்க் நடத்தியது 'வேர்ல்ட்ஸ் ஃபேர்' என்ற பெயரில்தான்.

எக்ஸ்போ என்ற சுருக்கம் 1958 பிரசெல்ஸ், 1967 மான்ட்ரியல், 1970 ஓசாகா என்று வரிசையாக வந்து நிலைத்தது. மான்ட்ரியலின் பேஸ்பால் அணிக்கே எக்ஸ்போஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்த உலகக் கண்காட்சிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு பாரிஸில் இருக்கிறது. 1928இல் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில் பிறந்தது, அதன் பிரெஞ்சுப் பெயரிலும் எக்ஸ்பொசிஷன் இருக்கிறது. துபாயின் 'எக்ஸ்போ 2020' கொரோனாவால் தள்ளிப்போய் 2021 அக்டோபரில்தான் தொடங்கியது. பெயரை மட்டும் மாற்றவில்லை. இப்போதெல்லாம் தொழில் கண்காட்சி எதுவானாலும் எக்ஸ்போ என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். ஆனால் பிரெஞ்சு படித்தவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் ஓவியக் கண்காட்சியும் எக்ஸ்பொசிஷன்தான். ஆங்கிலத்தில் ஓவியக் கூடத்துக்கு அது பொருந்தாது, எக்ஸிபிஷன் என்றே சொல்ல வேண்டும். தமிழில் நான் பிரிப்பது இப்படி: ஓவியம், புகைப்படம், புத்தகம் என்றால் கண்காட்சி, கடை, அரங்கு, இயந்திரம், ராட்டினம் எல்லாம் சேர்ந்திருந்தால் பொருட்காட்சி. உலக எக்ஸ்போவுக்குப் பத்திரிகைகள் உலகக் கண்காட்சி என்று எழுதிப் பழகிவிட்டன, அதை மாற்றப் போவதில்லை.

கத்தோலிக்க வழக்கில் இன்னொரு பொருள் உண்டு, அகராதியில் கடைசியில் ஒதுங்கி நிற்கும். நற்கருணை அப்பத்தைக் கதிர்ப்பாத்திரத்தில் வைத்து மக்கள் ஆராதிக்கும்படி பீடத்தில் நிறுவுவதும் எக்ஸ்பொசிஷன். கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடலைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதையும் ஆங்கிலச் செய்திகள் எக்ஸ்பொசிஷன் என்றே எழுதுகின்றன. கடைசியாக 2024 நவம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை நடந்தது. இதை விளக்கம் என்றோ கண்காட்சி என்றோ மொழிபெயர்த்தால் வாசகர் மனம் புண்படும். 'பொதுமக்கள் வணக்கத்துக்கு வைத்தல்' என்று நீட்டித்தான் எழுத வேண்டும்.

இதன் சொந்தக்காரர்களையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கிருந்து வருகிறது. எக்ஸ்போஷர் என்பதும் வெளியே வைப்பதுதான், ஆனால் வெயிலுக்கோ கிருமிக்கோ கேமரா ஒளிக்கோ ஆட்படுவது. எக்ஸ்பொசிஷனில் ஒருவர் வேண்டுமென்றே எடுத்துவைக்கிறார். எக்ஸ்போஷரில் பெரும்பாலும் தானாக நேர்ந்துவிடுகிறது. எக்ஸ்போஸே என்பது ஊழலை அம்பலப்படுத்தும் கட்டுரை. எக்ஸ்பவுண்ட் என்ற வினைச்சொல்தான் எக்ஸ்பொசிஷனுக்கு நேரான தம்பி. எக்ஸ்போஸ் அப்படியல்ல, பிரெஞ்சில் வேறொரு வினையோடு கலந்து வந்தது, தத்துப்பிள்ளை மாதிரி. ஆகவே 'ஒரு கோட்பாட்டை விளக்கினார்' என்பதற்கு எக்ஸ்போஸ்ட் என்று எழுதினால், கோட்பாட்டின் குட்டை உடைத்தார் என்றாகிவிடும். இத்தாலியில் எஸ்போசிட்டோ என்ற குடும்பப் பெயர் பரவலாக இருக்கிறது. அதுவும் இதே வேர்தான். பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளுக்கு வைத்த பெயர், வெளியே வைக்கப்பட்டவர் என்று பொருள். இந்தச் சொல்லை அலசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வந்து ஒரு கணம் கை நின்றுவிடும்.

இனி ஒரு வாக்கியத்தில் இது எதிர்ப்பட்டால் நான் செய்வதைச் சொல்கிறேன். இங்கே பேசுவது செயலா, ஒரு படைப்பின் பகுதியா, ஒரு நிகழ்ச்சியா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். பின்னாலேயே 'ஆஃப்' வந்து ஒரு கோட்பாடோ நூலோ ராகமோ நின்றால் செயல். விளக்கம், உரை, ஆலாபனை என்று எதன் விளக்கம் என்பதைப் பொறுத்துச் சொல் அமையும். ஊர்ப் பெயரும் வருடமும் பெரிய எழுத்தும் இருந்தால் நிகழ்ச்சி. பக்கத்தில் டெவலப்மென்டோ கிளைமேக்ஸோ தென்பட்டால் பகுதி. முன்னால் 'எ', 'தி' எதுவும் இல்லாமல் மொட்டையாக, 'நிறைய', 'அதிகப்படியான' என்று அளவோடு வந்தால் அது விமர்சகர் சொல்லும் கதைச் சரக்கு. இந்த முறை பத்துக்கு ஒன்பது முறை கைகொடுக்கும். கத்தோலிக்க வழக்கில் வரும் பொருள் இந்தச் சல்லடையில் நிற்காது, அதை அந்த இடத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். தமிழில் ஒரே சொல் போட வழியில்லை. 'எடுத்துவைப்பு' என்று பொதுவாக ஒன்றை ஒரு நண்பர் முன்மொழிந்தார். வேருக்குப் பொருந்துகிறது, ஆனால் எந்த வாக்கியத்திலும் உட்கார மறுக்கிறது. கதைக்குப் 'பின்னணி அறிமுகம்', படத்தைக் குறை சொல்லும்போது 'தகவல் திணிப்பு', சொனாட்டாவுக்கு 'அறிமுகக் கட்டம்' என்று நான் போடுகிறேன். கடைசியாகச் சொன்னது எனக்கே முழுத் திருப்தி இல்லை. அறிமுகம் என்றால் எக்ஸ்பொசிஷனுக்கும் முன்னால் சில படைப்புகளில் வரும் முன்னுரைப் பகுதியோடு குழம்பும். இசைத் தெரிந்தவர்களுக்கான எழுத்தென்றால் எக்ஸ்பொசிஷன் என்றே விட்டுவிடுவேன்.

நீங்கள் இதைப் பயன்படுத்தலாமா என்று கேட்டீர்கள். பேசும்போது அழுத்தம் மூன்றாவது அசையில் விழ வேண்டும், 'சி' என்ற இடத்தில் அதிர்வோடு கூடிய சகரம். ஆங்கிலத்தில் எழுதும்போது நூல், கோட்பாடு, கதை, இசை பற்றியென்றால் தாராளமாகப் போடுங்கள். உச்சரிப்பு நெருங்கிய டிஸ்பொசிஷனோடு மட்டும் மாற்றிக்கொள்ளாதீர்கள், அது மனப்போக்கைச் சொல்வது. ஷேக்ஸ்பியரின் நடுவேனில் இரவுக் கனவு நாடகத்தில், கழுதைத் தலையோடு படுத்திருக்கும் பாட்டம் என்ற நெசவாளி தூக்கம் சொக்குகிறது என்பதற்கு டிஸ்பொசிஷன் என்று சொல்ல நினைத்து, எனக்குத் தூக்கத்தின் எக்ஸ்பொசிஷன் வந்துவிட்டது என்பான். 400 வருடத்துக்கு மேலாக அரங்கு அதற்குச் சிரிக்கிறது. அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் கேட்டு "ப்ளீஸ் கிவ் ஆன் எக்ஸ்பொசிஷன்" என்று எழுதினால், மேலாளர் இருபது பக்கத்துக்குப் பதில் எதிர்பார்க்கிறார் என்று எதிராளி பயந்துவிடுவார். அங்கே எக்ஸ்பிளனேஷன் போதும்.